படம் மட்டும் போதும்

"சத்தமெல்லாம் இப்ப வைக்க முடியாதுங்க. எட்டு வாரம்தான் ஆகுது. துடிப்பைப் படத்துல பாருங்க, அது போதும்."

காளவாசல் ஸ்கேன் சென்டரின் இருட்டறையில் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி இப்படிச் சொன்னதும் தங்கப்பாண்டியின் முகம் விழுந்துவிட்டது. படுத்திருந்த மனைவி நாகஜோதியின் கையை அவன் விடவே இல்லை.

"மூத்தவளுக்கு இதே ரூம்லதான் வச்சாங்க டாக்டர்."

"அது அஞ்சாம் மாசமா இருந்திருக்கும்."

சோழவந்தான்காரர்கள். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது கேட்ட சத்தத்தை அவன் விவரிக்க ஆரம்பித்தான். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் இன்ஜின் மாதிரியே இருந்ததாம். திரும்பும்போது பஸ்ஸில் சமயநல்லூர் தாண்டும்வரை அவன் அதை வாயால் ஓட்டிக்காட்ட, நாகஜோதி சிரித்து மாய்ந்தாளாம். அடுத்து வந்த கரு துடிப்பே இல்லாமல் கலைந்துபோனது. அதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. இந்த முறையாவது துடிப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்கு உயிர் வரும்.

ஸ்ரீலக்ஷ்மி இரக்கம் கெட்டவள் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் ஆள் கறார். படத்துக்கு லேசான ஒலி அலை போதும், சத்தம் வேண்டுமென்றால் பவரைக் கூட்டி ஒரே இடத்தில் பாய்ச்ச வேண்டும், இத்தனை சின்னக் கருவுக்கு அந்தச் சூடு தேவையா என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள்.

"துடிப்பு நல்லா இருக்கு. நீயே பாரும்மா" என்று திரையை நாகஜோதி பக்கம் திருப்பினாள்.

நாகஜோதி முகத்தைத் திருப்பவே இல்லை. கேட்டது கிடைக்கவில்லை என்றதும் என்ன வீம்பு இது என்று டாக்டருக்குச் சுருக்கென்றது.

"உன் பிள்ளைக்காகத்தானே சொல்றேன். பாக்கக்கூட மாட்டியா?"

தங்கப்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகஜோதி அவன் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"கோவமெல்லாம் இல்லீங்க டாக்டர். எனக்குப் பொறந்ததுலருந்தே கண்ணு தெரியாது."

ஸ்ரீலக்ஷ்மி ஸ்கேன் கருவியை வயிற்றிலிருந்து எடுத்து வைத்தாள். பதிவான படத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல், குழந்தையின் நெஞ்சு துடித்த அதே வேகத்தில் நாகஜோதியின் உள்ளங்கையில் விரலால் தட்ட ஆரம்பித்தாள்.