இன்னும் சிவக்கவில்லை

கட்டிலில் கிடந்த கணவர் இடது கையைத் தூக்கி மறுபடியும் ஜன்னல் பக்கம் காட்டினார்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தக்காளிச் செடிதான். முதல் பழம், ஒரு கைக்கு அடங்காத பருமன். பூசணிக்காய் மாதிரி வரிவரியாக. கிளை ஒடிந்துவிடக் கூடாதென்று பழம்புடவையைக் கிழித்துத் தூளி கட்டிவிட்டிருந்தாள்.

நிறம்தான் வரவில்லை. ஆரஞ்சிலேயே நின்றது.

"இன்னும் செவக்கலீங்க. நல்லா செவக்கட்டும். மொதப் பழம் உங்களுக்குத்தான்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

விதை அவர் வாங்கியது. என்ன ரகம் என்று கேட்டதற்கு, காய்க்கட்டும், அப்புறம் பார் என்று கண்ணைச் சிமிட்டினார். நாற்றைப் பெயர்த்து நட்ட மறு வாரம் விழுந்தார். வலப்பக்கமும் பேச்சும் ஒரே காலையில் போய்விட்டன.

முப்பது வருடமாக வாய் ஓயாத மனிதர்.

விழுங்குவது மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் மசித்து, ஒவ்வொரு கரண்டியாக, நிதானமாக. இது எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் இந்த ஒன்றைத்தான் கேட்டார். தினமும் கேட்டார்.

பழுக்காததைக் கொடுத்து, புளிப்பில் புரையேறிவிட்டால்?

காத்திருந்தாள்.

ஒரு நாள் கட்டில் சட்டத்தைப் படபடவென்று தட்டினார். படுத்துக் கிடந்தாலும் கோபத்துக்குக் குறைச்சலில்லை என்று சிரித்துக்கொண்டே தலையணையைச் சரிசெய்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அவர் பழத்தைக் கேட்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் கஞ்சி தொண்டையில் நின்றது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள். மூக்கில் குழாயோடு திரும்பினார். இனி வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

குழாயைப் பார்க்க வந்த நர்ஸ் ரெஜினா, கை துடைத்தபடி ஜன்னலருகே நின்றாள்.

"ஏனுங்க்கா, இத்தனை பழுத்தும் பறிக்காம விட்டிருக்கீங்க? இது ஆரஞ்சு ரகமுங்க்கா. எங்கூட்டு மாடியிலயும் இருக்குது. இன்னும் ஒரு மாசம் விட்டாலும் செவக்காது."

அவளால் கட்டில் பக்கம் திரும்ப முடியவில்லை.

நர்ஸ் போன பிறகு பழத்தைப் பறித்து வந்தாள். காம்போரம் வெடித்திருந்த இடத்தைச் சீவி எறிந்தாள். உள்ளேயும் அதே நிறம். பாதியை மிக்ஸியில் அடித்தாள். உப்பு எதற்கு என்று ஜாடியை மூடினாள். திறந்து, ஒரு சிட்டிகை போட்டாள். உப்பில்லாமல் அவர் தக்காளி சாப்பிட்டதே இல்லை. துணியில் இரண்டு முறை வடிகட்டி, குழாயின் முனையில் மெல்ல ஊற்றினாள்.

ஆரஞ்சு நிறம் குழாயில் இறங்கியது. மூக்கு வழியாக, நாக்கைத் தொடாமல் உள்ளே போயிற்று.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பழுத்திருச்சுங்க" என்றாள்.

இடது கை மெதுவாக எழுந்தது. ஜன்னல் பக்கம் போகவில்லை. தட்டில் இருந்த மீதிப் பாதியைக் காட்டியது. பிறகு அவள் வாயைக் காட்டியது.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

அவளுக்கு விழுங்க வரவில்லை.