பாதுகாப்புக் கேள்வி

காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குத் தொலைபேசியில் உதவுவது சங்கவியின் வேலை. அன்று திரையில் வந்தது அப்பாவின் பெயர். அவள் காதலித்தவனோடு வீட்டைவிட்டுப் போய் எட்டு வருடமாகிறது. வாடிக்கையாளரின் ரகசியம் ஊழியருக்குத் தெரியக் கூடாதாம். திரையில் பதில் இருந்த இடத்தில் வெறும் புள்ளிகள். அவர் சொல்வதை இவள் அடித்துப் பார்க்க வேண்டும். கேள்வியை வாசித்தாள்.

"உங்க மகளை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க சார்?"

மறுமுனையில் கூடத்து மின்விசிறியின் அதே பழைய டக்டக் சத்தம் கேட்டது.

"வேற கேள்வி கிடையாதாம்மா?"

"இல்ல சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொழுக்கட்டை."

அடித்தாள். திரையில் பச்சைக் குறி விழுந்தது.

"சரியாக் கேக்கல சார்," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."