சாப்பாட்டுக் கூடத்து ரேடியோ

1971-ல் பொம்மிடிக்குப் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு வந்த புது வார்டன் அருள்சாமி, சாப்பாட்டுக் கூடத்து ரேடியோவைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் பெரியவர் பிலவேந்திரன் சோற்றுத் தட்டை ஓங்கித் தரையில் வீசினார். "ரேடியோவை இங்கியே கொண்டாந்து வையிங்க! அதுவரைக்கும் ஒரு பருக்கை தொட மாட்டேன்!"

"கத்தாதீங்க. வயசான காலத்துல பாட்டு எதுக்கு?"

"நாள் முழுக்க சும்மா கெடக்கறவங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதாங்க!"

"சரி, நாளைக்குத் தரேன். உக்காருங்க."

பிலவேந்திரன் உட்காரவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தார்.

பயந்துபோன வார்டன் மூன்றாம் நாள் ரேடியோவைக் கொண்டுவந்து திருகினார். நாகஸ்வரம் ஒலித்தது. கண் தெரியாத அர்ச்சுனன் சிரித்தபடி தொடையில் தாளம் போட்டார். அவரையே பார்த்துக்கொண்டு பிலவேந்திரன் சாப்பிட ஆரம்பித்தார்.

"இப்ப சந்தோசந்தானே?" என்று வார்டன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார். பதில் வரவில்லை.

"பாத்தியா ஞானமேரி, இந்தாளு திமிரை!"

சமையல்காரி ஞானமேரி கரண்டியை ஓங்கி வைத்தாள்.

"திமிரில்லீங்க. கல்லு குவாரி வெடியில அவருக்கு ரெண்டு காதும் போயி பத்து வருசமாச்சு. எதிர நின்னு பேசினா வாயசைவைப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு, அவ்வளவுதான். அர்ச்சுனன் அழுததைப் பாத்துட்டுத்தாங்க பட்டினி கெடந்தாரு!"