புல்லில் நட்ட பெயர்ப்பலகை

“இடைத்தேர்தலிலை ஆர் வெல்லுவார் எண்டு நினைக்கிறீர்?” எங்கள் ஸ்காபரோ வீட்டின் முன் புல்லில், ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் தன் வேட்பாளரின் பெயர்ப்பலகையை நட்டபடி அகரன் என்னிடம் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அக்கா முந்திவிட்டாள்.

“உங்கட ஆள்தான். இவளிட்டைக் கேட்டா அடுத்த எலக்‌ஷனுக்குத்தான் பதில் வரும்.”

அவன் சிரித்தான். அதன்பிறகு மாலைதோறும் அவளிடம் மட்டுமே கேட்டான். இருவரும் குளிரில் தெருத்தெருவாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போனார்கள். அக்கா சொன்னது பொய்க்க வேண்டும் என்று நான் தினமும் வேண்டினேன். அது போதாதென்று, வாக்குச்சாவடியில் அவனுடைய ஆளை எதிர்த்து நின்றவரின் பெயருக்கு நேரே புள்ளடியும் போட்டேன்.

அவனுடைய ஆள் தோற்றுப்போனார். மறுநாள் பலகையை எடுக்க வந்தான். அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அக்கா மாடியிலேயே இருந்துவிட்டாள். நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன். இம்முறை கேட்டால் சொல்லப் பதில் தொண்டைவரை வந்திருந்தது. அவன் பலகையைப் பிடுங்கி, கம்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். என் தலைக்கு மேலாக மாடி ஜன்னலை நெடுநேரம் பார்த்தான். பிறகு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான்.