இருபத்தாறு 'ஓம்'

"இருபத்தாறு பேருமோ சண்டியர்!"

பூரணி பள்ளி அதிபரின் மேசையில் தாள்களைப் பரப்பினாள். பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எவ்வளவு துன்புறுத்துகிறார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கக் கல்வி அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. பேர் எழுதாத கேள்வித்தாள்; பதில் 'ஓம்' அல்லது 'இல்லை'. 'நான் இன்னொருவரைத் துன்புறுத்தினேன்' என்பதற்குக் கந்தளாய் வகுப்பில் மூன்று 'ஓம்'. புல்மோட்டையில் நாலு. வெருகலின் இந்த ஆறாம் வகுப்பிலோ இருபத்தாறு தாளிலும் 'ஓம்'!

'என்னைத் துன்புறுத்தினார்கள்' என்று போட்டிருந்தது ஒரேயொரு பிள்ளை.

"ஒரு பிள்ளையை ஒரு வகுப்பே சேர்ந்து வதைச்சிருக்கு, சேர்."

அதிபர் சோமசேகரம் பிரம்பை எடுத்தார். "தாள் குடுக்கேக்கயே சொன்னனான், ஆரெண்டு தெரிஞ்சால் விடுகைப் பத்திரம் குடுத்துக் கலைச்சுப்போடுவன் எண்டு. துளி பயமில்லை இதுகளுக்கு!"

பூரணி திரும்ப எண்ணினாள். வகுப்பில் இருப்பதே இருபத்தாறு பேர்தான். அப்படியென்றால், அடி வாங்கிய பிள்ளையும் 'நான் அடித்தேன்' என்று போட்டிருக்கிறது.

அந்தத் தாளோடு வகுப்புக்குள் போனாள்.

"இது ஆற்ற தாள்? பயப்பிடாதேங்கோ."

முன் வாங்கில் இருந்த ஞானமணி என்ற சிறுமி எழும்பினாள். கன்னத்தில் நகக்கீறல்.

"ஆர் பிள்ளை உம்மைக் கீறினது?"

அவள் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வாயால சொல்ல வேண்டாம். நான் ஒவ்வொராளாக் கை காட்டிக்கொண்டு வாறன். அந்த ஆள் வரேக்க தலையை மட்டும் ஆட்டும், காணும்."

ஞானமணி கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள்.

"ஏலாது, ரீச்சர். நான்தான் எல்லாரையும் 'ஓம்' போடச் சொன்னனான். அப்பத்தான் ஒராளைத் தனியப் பிடிக்க ஏலாது."

கடைசி வாங்கில் ஒருத்தி விம்மினாள்.

பதினொரு வயது! அடித்தவளுக்கு அடி வாங்கினவள் காவல் நிற்கிறாள். பூரணிக்கு அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"உமக்கு அவ்வளவு நல்ல சிநேகிதியோ?"

"இல்லை, ரீச்சர். அவளை எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது."

"பிறகேன் அம்மா?"

"போன வருசம் ஆமியின்ர சுற்றிவளைப்பில, சாக்கால முகத்தை மூடின ஒராள் அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும்தான் ஆட்டினவர், ரீச்சர். அப்பா இன்னும் வரேல்லை."