பச்சைக்கல் பொட்டு

வண்டிகள் திணறும் நாற்சந்தியைத் திருத்த மக்களிடம் யோசனை கேட்ட அதிகாரிகள், கல்யாண மண்டபத்தில் வரைபடத்தை விரித்து, விபத்து நடந்த இடங்களில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். ஸ்டிக்கர் தீர்ந்ததும் பெண்கள் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினார்கள்.

"ஊர்ல ஒரு நெத்தியும் மிஞ்சாது போல" என்று சிரித்தாள் பவுனு.

"பஸ் ஸ்டாப்புல யாருடி ஒட்டுனது? அங்க ஒண்ணும் நடக்கலையே" என்றாள் தெய்வானை.

பவுனு குனிந்து பார்த்தாள். "பச்சைக்கல்லு வச்சது. உம்மவ வைக்கிற பொட்டுல்லக்கா?"

"அவ இன்னும் மில்லுலருந்தே வரலையேடி. இனிமேத்தான் அங்க வந்து எறங்கணும்."

தெய்வானை அதை நகத்தால் சுரண்டினாள். வரைபடம் கிழிந்தது, பொட்டு வரவில்லை. வெளியே, பஸ் ஸ்டாப் பக்கம் விடிந்ததிலிருந்து ஓயாத ஹாரன் சத்தமெல்லாம் சட்டென்று நின்றது.