கறையான் பானையில் செள்ளு

"கோழிக்குஞ்செல்லாம் செள்ளுப்பூச்சி புடிச்சுச் சாகுது. கூட்டைக் கூட்டாம எவனைப் பாத்துட்டு நின்னே?" குப்பண்ணன் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டது.

"தெனமும் சாம்பல் போட்டுக் கூட்டறனுங்கப்பா. குஞ்சுக்குத் தீனியா நீங்க கொண்டார கறையான்லதான் செள்ளு வருது" என்றாள் மகள் நாச்சம்மாள்.

தாயில்லாத பெண். அப்பாவுக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று, வந்த மாப்பிள்ளைகளை, அகளி ஊர்க்காரன் உட்பட, வேண்டாம் என்றவள்.

"என்ற கறையான் பானையவா சொல்றே? பொழுது சாய காட்டுக்குப் போயி, பழசைக் கொட்டிப் புது வைக்கோலும் சாணியும் அடைச்சு, கறையான் ஏறக் கவுத்திட்டு வர்றவன் நானு!"

மறுநாள் நாச்சம்மாளே போய்ப் பானையை நிமிர்த்தினாள். வைக்கோல் மக்கிக் கறுத்து, செள்ளு மொய்த்துக் கிடந்தது. அதை மாற்றி எத்தனையோ நாளாகியிருந்தது.

"ஏனுங்கப்பா, அப்ப, பொழுது சாய எங்கதானுங்க போறீங்க?"

தெருவுக்கா தெரியாது? கீழ்வீதியில் புருஷனை இழந்த பொன்னாத்தாள் வீட்டில் அவருக்குப் பல மாதமாகவே ராச்சாப்பாடு. வீட்டுக்கு வந்து மகளுக்காக இன்னொரு தரம் சாப்பிடுவார், பாவம்.

அந்த எமர்ஜென்சி வருஷத்து ஆவணியில் அவர் பொன்னாத்தாளைக் கட்டிக்கொண்டார். நாச்சம்மாள் உடும்பஞ்சோலை மலைத்தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். அகளிக்காரனுக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள்.